ஆணி பாஸ் கட்டிய லொக்கு ஹவுஸ்

இரும்புக்கும் மனிதனுக்கும் நடந்துவரும் நீண்ட போரில், இரும்பைத் தோற்கடித்த மனிதர் ஒரே ஒருவர்தான். இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே, நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் அவர் வாழ்ந்தார். மரவேலைக்காரர், கொத்தனார் எல்லோரையும் எங்கள் பக்கத்தில் சிங்கள வழக்கப்படி 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். ஆணியைக் கண்டாலே பாம்பைக் கண்டதுபோல் அவர் துள்ளிக் குதிப்பார் என்பதால் இவர் 'ஆணி பாஸ்' ஆனார். பெற்றோர் வைத்த பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தால் அவரே யாரையோ தேடுவதுபோல் பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

"மரத்துக்குள்ள இரும்ப ஏத்துறது, தூங்குற மனுசன் காதுல கம்பிய விடுற மாதிரிங்க ஐயா" என்பது அவருடைய கொள்கை. மரத்தை மரத்தால்தான் பிடிக்க வேண்டும். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற நாக்கு, இரண்டையும் பூட்ட ஒரு மர முளை. இப்படி அவர் செய்த நாற்காலி ஒன்று எங்கள் ஆபீசில் இருந்தது. அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள் உண்டு; அதை உடைத்தவர்கள் இல்லை.

கொள்கைக்கு விலை கொடுத்தவர் அவருடைய மனைவி. தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டின் தகரக் கூரைக்கு ஆணி அடிக்க பாஸ் மறுத்துவிட்டார். தகரம் பறக்காமல் இருக்க அதன்மேல் பதினேழு கற்களும் ஒரு பழைய லொறி டயரும் வைத்திருந்தார். நான் எண்ணியிருக்கிறேன்.

"ஊருக்கெல்லாம் மாளிகை கட்டுறாரு, என் தலைக்கு மேல மட்டும் கல்லு" என்பார் அந்த அம்மா. "காத்தடிச்சா நான் சாமிய கும்புடுறதில்லீங்க ஐயா, அந்த டயரத்தான் கும்புடுறேன்."

"லயம் கம்பெனியோடது. கம்பெனி ஆணிய கம்பெனி வந்து அடிக்கட்டும்" என்பார் பாஸ்.

இரண்டாயிரத்து நான்கில் தோட்டத்தின் உச்சி மலையை ஒரு கொழும்பு முதலாளி வாங்கினார். அங்கே நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மேகம் காலடியில் ஊரும். நாற்பது வருடமாக அங்கே கொழுந்து பறித்தவர்களுக்குத் தெரிந்தது காலில் ஏறும் அட்டை மட்டும்தான். வெள்ளைக்காரப் பயணிகளுக்காக அங்கே மரத்திலேயே சொகுசு வீடுகள் கட்டப்போவதாக முதலாளி அறிவித்தார். முதலில் ஒன்று, அது நன்றாக வந்தால் இன்னும் மூன்று. மரக் கணக்கு எழுத என்னை மாலை நேரத்தில் வரச் சொன்னார்கள்.

கட்டும் பொறுப்பு ஆணி பாஸிடம் வந்தது. அவருக்கு இது சாதாரண வேலையல்ல. அவரிடம் ஒரு வெளிநாட்டுக் காலண்டரின் டிசம்பர் தாள் இருந்தது. உருண்டை மரங்களை அடுக்கிக் கட்டிய வீடு, பின்னால் மலை, எங்கும் வெண்பனி. பன்னிரண்டு வருடமாக அதை உரப் பையில் சுற்றி வைத்திருந்தார். நான் கொண்டுபோன முதலாளியின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது நனைஞ்சா கிழிஞ்சிரும்" என்று எனக்கே திருப்பித் தந்தார்.

முதல் வாரமே எனக்குச் சந்தேகம். வரைபடத்தில் தூண்கள் பன்னிரண்டு. மலையில் தோண்டிய குழிகள் இருபத்தாறு.

"பாஸ், ரெண்டு ரூம் வீட்டுக்கு எதுக்கு இத்தன குழி?"

"முதலாளி என்னா சொன்னாரு? கூட வந்தவங்ககிட்ட 'லொக்கு ஹவுஸ், லொக்கு ஹவுஸ்'னு ஏழு தரம் சொன்னாரு. நான் காதால கேட்டேன். லொக்குன்னா என்னா?"

சிங்களத்தில் 'லொக்கு' என்றால் பெரியது.

"அது சிங்களம் இல்ல பாஸ், இங்கிலீசு. லொக்குன்னா மரக்கட்டை."

பாஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆணி பாஸக் கூப்புட்டு மரத்துல கட்டுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா ஐயா? அது சொல்லாமலே தெரியும். பெருசுன்னு சொன்னாத்தான் தெரியும். அதான் ஏழு தரம் சொல்லியிருக்காரு."

மறுமாதம் வந்த முதலாளி, ஏழு அறைகளுடன் எழுந்துகொண்டிருந்த வீட்டைப் பார்த்து வாய் பிளந்தார். நல்ல காலம், கூட வந்த நண்பர்கள் கை தட்டினார்கள். உடனே வாயை மூடி, "சின்னதா யோசிக்கிறது எனக்குப் பழக்கமில்ல" என்றார் முதலாளி.

அடுத்தது கூரை. அப்படி ஒரு சரிவை நான் கோபுரத்தில்கூடப் பார்த்ததில்லை.

"எதுக்கு பாஸ் இவ்வளவு செங்குத்து?"

"பனி விழுந்தா வழுக்கிக்கிட்டுக் கீழ போகணும்ல?"

"ஓப்பநாயக்கவுல பனி எப்ப விழுந்திச்சு?"

"விழலைன்னா அது பனியோட குத்தம். நாளைக்கு விழுந்து, கூரை சரியில்லன்னு யாரும் என்னையச் சொல்லக்கூடாது."

பனி விழவில்லை, குரங்குகள் விழுந்தன. உச்சியில் ஏறிய முதல் கூட்டம் அப்படியே வழுக்கித் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. மறுநாள் அவை சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தன. ஒரு வாரத்துக்குப் பின் அங்கே வரிசையில் நின்று வழுக்கினார்கள் என்றே சொல்வேன். பஸ் நிற்குமிடத்தில் நம் ஆட்களிடம் நான் காணாத ஒழுங்கு.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மரக் கணக்குத் தாளைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தேன். நூலில் கட்டினேன், காற்று கொண்டுபோனது. மாவுப் பசையில் ஒட்டினேன், கரப்பான் தின்றது. ஒழுங்குக்குப் பழகியவனுக்கு ஒரு தாள் தரையில் கிடந்தால் சோறு இறங்காது. பாஸ் பல் பிடுங்கப் பலாங்கொடை போன ஒரு நாளில், ஒரு கல்லை எடுத்து ஓர் ஆணியை அடித்துவிட்டேன். எதையும் விடாமல் எழுதும் என் டயரியில் அன்றைய குறிப்பு: 'மாலை 4.20. ஆணி ஒன்று. ஒன்றரை அங்குலம்.' பாஸிடம் சொல்லவில்லை. மரக் கணக்கு அன்றோடு முடிந்ததால் அந்தத் தாளைப் பிறகு நான் தொடவுமில்லை.

வீடு முடிந்து, மின்கம்பி இழுக்கவேண்டியது மட்டும் பாக்கி இருந்தபோது, முதலாளியின் மச்சான் வந்தார். அவருடைய தொழில் கொங்கிரீட். ஆணியே இல்லாத வீடு உலகத்தில் கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

"ஒரு ஆணி கண்டுபிடிச்சா, மிச்சம் மூணு வீட்டையும் எனக்குத் தாங்க மச்சான். சிமெந்துல மரம் மாதிரியே பெயின்ட் அடிச்சுத் தாரேன்."

"கண்டுபிடிச்சா மூணும் உனக்கு" என்றார் முதலாளி.

பாஸ் இடுப்பிலிருந்த உளியை எடுத்து வாசற்படியில் வைத்தார். "ஞாயித்துக்கிழம வந்து பாருங்க. ஒரு ஆணி இருந்தா இந்த உளிய இனி நான் தொட மாட்டேன்."

சனிக்கிழமை அந்த ஆணியைப் பிடுங்கக் குறடுடன் போனேன். பாஸ் எல்லாக் கதவையும் உள்ளே தாழிட்டுக்கொண்டு மரத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். தட்டினேன். "நாளைக்கு எல்லாரோடயும் வாங்க ஐயா" என்று பதில் வந்தது. குறடு என் காற்சட்டைப் பைக்குள் கனத்தது.

ஞாயிறு காலை மச்சான் ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார். சுவர் சுவராகத் தடவினார். கதவுகள்கூட இரும்புக் கீல் இல்லாமல் மரக் குடுமியில் சுழன்றன. மூன்றாம் அறையில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஆணி! சொன்னேனே!"

காந்தம் அவருடைய சொந்த பெல்ட்டின் கொக்கியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். காற்சட்டையைப் பிடித்துக்கொள்ள அவரே போதும்.

ஆறு அறைகள் முடிந்தன. சமையலறை வந்தது. காந்தம் கதவை நோக்கிப் போனது. பாஸின் கண் வாசற்படியிலிருந்த உளியில் இருந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், பன்னிரண்டு வருடத்து டிசம்பர் தாள். என் ஒன்றரை அங்குலத்தால் எல்லாம் போகப் போகிறது.

"முதலாளி, ஒரு விசயம் சொல்லணும். இந்தக் கதவுக்குப் பின்னால நான்..."

"ஐயா, குறுக்க பேசாதீங்க" என்றார் பாஸ். அதற்கு முன் அவர் என்னிடம் அப்படிக் கடுமையாகப் பேசியதில்லை.

காந்தம் என் கணக்குத் தாளின்மேல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒட்டவில்லை. குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் தடிப்பில் ஒரு மர முளையில் என் தாள் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் போனபின் பாஸ், பென்சில் செருகும் காதுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். லேசாக வளைந்த என் ஆணி.

"எப்ப கண்டீங்க பாஸ்?"

"அடிச்ச அன்னிக்கே. பல்லு பிடுங்கிட்டு வாறேன், வீட்டுக்குள்ள வந்தும் எங்கயோ பல்லு வலிக்கிற மாதிரியே இருந்திச்சு. தேடிப் பாத்தா கதவுக்குப் பின்னால. ஒரே நாள்ல ரெண்டு பல்லு பிடுங்கினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க எழுதிருவீங்களே!"

அடுத்த மாதம் முதலாளி வாசலில், 'ஆணியே இல்லாத வீடு' என்று மூன்று மொழியில் பெரிய பலகை வைத்தார். கொழும்பில் செய்து வந்த பலகை. நான்கு ஆணிகளால் அடித்திருந்தார்கள். விடியுமுன் பாஸ் அதைக் கழற்றி முளை போட்டு மாட்டினார். முதலாளிக்கு வித்தியாசமே தெரியவில்லை. வீட்டிலும் அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

மற்ற மூன்றையும் பாஸ்தான் கட்டினார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட லொக்கு. இரண்டாயிரத்து ஒன்பதில் மகள் வீட்டோடு இருக்க எஹலியகொடைக்குப் போனார். புறப்படும் நாளில் அவருடைய மனைவி சந்தோசமாகச் சொன்னார்: "கல் வீடுங்க ஐயா. கல்லு சுவத்துல இருக்கு, கூரையில இல்ல."

இப்போது என் வீட்டுச் சுவர்களில் முப்பத்தொரு ஆணிகள் இருக்கின்றன. காலண்டர், கடிகாரம், சாமி படம் எல்லாம் அவற்றில்தான். அந்த வளைந்த ஆணி மட்டும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை நிமிர்த்தி அடித்துவிடலாமென்று இரண்டு முறை சுத்தியலோடு நின்றிருக்கிறேன். கை ஓங்கவில்லை. எஹலியகொடையில் ஒருவருக்குப் பல் வலிக்கும்.