பெண் பார்க்கப் போய்க் கண் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு இரண்டே வேலைதான். பலகாரத்தைச் சாப்பிட வேண்டும். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வேலையை நான் குறைவில்லாமல் செய்தேன். (பயித்தம் பணியாரத் தட்டு வெறுமையானதற்கு அம்மா சாட்சி.)

பளையிலிருந்து முல்லைத்தீவுக்கு அம்மாவோடு போயிருந்தேன். விஞ்ஞான ஆசிரியராகிச் சில மாதங்கள்தான். உலகத்துக்கே பாடம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் என்று நினைத்திருந்த காலம். பெண்ணின் தகப்பனுக்குச் சொந்தமாக ஒரு பஸ். வவுனியாவுக்கு அவரே ஓட்டுவார். அந்த வீட்டில் உலை கொதித்தது அதனால்தான். பெண் வாணி தேநீர் தந்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள். யாருக்கும் கதை வரவில்லை. அந்த நேரம் பார்த்து வாணியின் தாய், பள்ளிக்கூடத்தில் இப்போது என்ன படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார்.

கண் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விழித்திரையை விட்டுப் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை, அதுதான் குருட்டுப் புள்ளி, மூளை அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்து அந்த ஓட்டையை அடைத்துவிடுவதால் நமக்கு அந்தக் குறை தெரிவதேயில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். (அம்மா என் காலை மிதித்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.) பிறகு ஒரு தாளில் இடப்பக்கம் சிலுவை, வலப்பக்கம் கறுப்புப் புள்ளி. இடக்கண்ணைப் பொத்தி, வலக்கண்ணால் சிலுவையையே பார்த்திருக்க, தாளைக் கிட்டக் கொண்டுவந்தால் ஓரிடத்தில் புள்ளி காணாமற்போகும். வாணிக்குப் போனது, சிரித்தாள். தாய்க்கும் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தகப்பன் மட்டும் தனக்கு வேண்டாம் என்றார். நான் விடுவேனா? மாப்பிள்ளையாக வந்தவன் கேட்டால் எவ்வளவு நேரம்தான் மறுப்பார், பாவம். இடக்கண்ணைப் பொத்தினார். நான் தாளை இன்னும் அசைக்கவேயில்லை.

"ஓம் தம்பி, மறைஞ்சிட்டுது."

கொப்பியடித்த பிள்ளையைப் பிடித்த சந்தோசம் எனக்கு. "புள்ளியை விடுங்கோ ஐயா. சிலுவை தெரியுதோ?"

வாணியின் தாய் எழுந்து போய் அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். வலக்கண்ணின் இமை அசையவில்லை.

"எப்ப தொடக்கம்?"

"போன வருசம். சொன்னா பஸ் ஓட விடமாட்டாய்."

வலப்பக்கம் வைத்த செம்புகளை அவர் தட்டி விழுத்தும்போதெல்லாம் வயதாகிவிட்டது என்றே தாய் நினைத்தாராம். முந்துகிற வாகனங்கள் வலப்பக்கத்தால்தான் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரேயடியாக உறைத்தது. தாய் ஆணியில் தொங்கிய பஸ் திறப்பை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது, மற்றக் கண்ணையாவது காப்பாற்றலாம் என்றார் வவுனியாக் கண் டொக்டர். நல்ல செய்திதான். ஆனால் பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். ஹோர்ன் சத்தம் கேட்டதும் வாசல் படலையடிக்கு வந்து நிற்கும் மனிதரைப் பார்க்கையில், எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை.

கலியாணம் நடந்தது. (ஏன் சம்மதித்தார்கள் என்று இன்றும் விளங்கவில்லை.) வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் மாமா என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரித்தான்.

"எங்கட மருமகன் தங்கமான பிள்ளை. சீதனமெண்டு ஒரு சதம் கேக்கேல்லை. ஒரு கண் மட்டும்தான் எடுத்தவர்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்க முடியாத நாட்களில் அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றுகொள்வேன்.