வால் சுருண்டால் பாஸ்

காளை மாட்டுக்குப் பயப்படுகிற மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். காளை மாடே பயந்து ஒதுங்கிய ஒரே மனிதப்பிறவி எங்கள் வால் மேடம்தான். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது, அவர் அங்கே விஞ்ஞானி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

வால் என்றால் மாட்டு வால் அல்ல, விந்தணுவின் வால். உப்புக் குறைந்த தண்ணீரில் விந்தணுவை விட்டால், தண்ணீர் அதற்குள் புகும். மேல்தோல் நன்றாக இருந்தால் அணு உப்பிக்கொண்டு வால் சுருளும். தோல் கெட்டிருந்தால் வால் நீட்டியபடியே கிடக்கும்.

"சுருண்டா பாஸ், நீட்டுனா ஃபெயில். அவ்வளவுதாங்க" என்பார்.

இதை எங்கே சொல்வது என்ற விவஸ்தை மட்டும் கிடையாது. சக ஊழியர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசத்தில் மிதந்த திராட்சையைக் காட்டி ஆரம்பித்தார். "ஊறி உப்பியிருக்கு பாருங்க, ஆனா தோல் கிழியல. விந்தணுவும் அச்சு அசல் இப்படித்தான் சார்!" தாய்மாமன் இலையை மூடிவிட்டு எழுந்தார். எதிர் வரிசையும் எழுந்தது. மேடம் நிதானமாக இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார்.

மாற்றலாகி வருபவர்களையும் விடமாட்டார். விந்தணு பிறந்தவுடன் தயாராகிவிடாதாம். விதைக்கொட்டையை ஒட்டியிருக்கும் நீளமான குழாயில் மெல்ல நகர்ந்து, போகப்போகக் கரிப்பு ஏறும் நீரில் பழகி, குழாயின் கடைக்கோடிக்கு வரும்போதுதான் முதிருமாம். இந்த நியாயப்படி, நான் வேதாரண்யத்திலிருந்து வந்து சேர்ந்த அன்றே மேலாளரிடம் சண்டைக்குப் போனார்.

"புதுசுங்க அவரு. கொஞ்சங்கொஞ்சமா உப்பு ஏத்துங்க. எடுத்த எடுப்புல ஆடிட்டுல போட்டா வெடிச்சுடுவாரு!"

எனக்கு அப்போதே பாதி வழுக்கை. உப்பளத்து ஊர்க்காரனுக்கு உப்பு ஏற்றுவதற்கு ஓர் ஆள்!

அப்படி இருக்கையில்தான் குத்தாலத்துக் கோதண்டம் வந்தார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அவருடைய உம்பளாச்சேரி இனக் காளை, அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்துச் செத்துவிட்டது. பிள்ளை மாதிரி வளர்த்த காளை. அதற்கு ஒரு கன்றுகூடப் பிறக்கவில்லை. அந்த வருஷம்தான் பசுவோடு சேர்ப்பதாக இருந்தார். ஊர் மாட்டு டாக்டர் விதையை அறுத்தெடுத்து, "ஐஸ் பெட்டியில வச்சு ஒரத்தநாடு கொண்டுபோங்க, உயிரணு எடுக்கலாம்" என்று அனுப்பியிருக்கிறார்.

மேடம் வாளியைத் திறந்தார். விதை, வாய்க்கால் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"ஐஸ் எங்கங்க?"

"ஐஸுல கருகிப்போவும்னு பயந்துட்டேன் டாக்டரம்மா. பறிச்ச நாத்தைத் தண்ணியில போட்டுத்தானே வைப்போம், வாடாம இருக்க? அதான்..." என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி "விரால் மீனாங்க?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவைத்தாராம்.

எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. விந்தணுவுக்கு வெறும் தண்ணீரைவிடப் பெரிய எமன் கிடையாது. "ஊறிப்போச்சு மேடம். தூக்கிப் போட்டுரலாம்" என்றார் உதவி விஞ்ஞானி.

"நீங்க போய் டீ குடிங்க" என்றார் மேடம்.

அறுத்த முனையில் நனைந்த பகுதியை வெட்டி எறிந்தார். உறை பிரியாத உட்பக்கத்தில், குழாயின் கடைக்கோடியை மட்டும் தனியே எடுத்தார். சரியான உப்பு கலந்த திரவம் விட்டு அணுக்களை வழித்தார். அதில் ஒரு துளியை உப்புக் குறைந்த தண்ணீரில் விட்டுக் காத்திருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அப்போதுதான். கோதண்டம் சுவரோரம் கைகட்டி நின்றார்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு ஆய்வுக்கூடமே அதிரக் கத்தினார்.

"சுருண்டுருச்சுய்யா! அத்தனையும் சுருளுது! வந்து பாருங்கய்யா கோதண்டம், உங்க காளை பாஸு!"

கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கும்பிட்டார். உதவி விஞ்ஞானி டீயோடு ஓடிவந்து பார்த்து, டீயை மறந்தார். "வாய்க்கால் தண்ணி வாளியைச் சில்லுனு வச்சிருந்திருக்கு. விதையோட தோல் தண்ணிய உள்ள விடல. எப்பேர்ப்பட்ட தோல்!" என்று மேடம் காளைக்கு நற்சான்று வழங்கினார். மிச்சத்தை உறையவைத்தோம். அதை ஊசி வழியே செலுத்தியதில் கோதண்டத்தின் பசு சினை பிடித்தது.

கன்று பிறந்த செய்தி வந்ததும் ஆய்வுக்கூடமே ஜீப்பில் குத்தாலத்துக்குக் கிளம்பியது. சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காளைக்கன்று! கோதண்டம் ஊரையே கூட்டி வெடி வெடித்தார். "டாக்டரம்மா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்கள். கல்யாணப் பந்தியிலேயே பேசியவர், கன்றைத் தடவிக்கொண்டு பேச்சு வராமல் விசும்பினார்.

திரும்பும்போது, வரப்புச் சேற்றில் சிக்கிய செருப்பைக்கூடக் கவனிக்காமல் கண்ணைத் துடைத்தபடி வெறுங்காலோடு முன்னே போய்விட்டார். எனக்கு அந்தம்மாவை அவ்வளவு பிடித்துப்போனது. அந்தச் செருப்பை வாய்க்காலில் கழுவி, ஜீப் வரைக்கும் நான்தான் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.