சுவரை மிதிக்காதீங்க, மேடம்!

"சார், சமையலறையில நாய் படுத்திருக்கு!"

கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டியை வைத்துவிட்டு வரைபடக்காரர் ஓடினார். விடிந்ததிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு ஒடியப் போட்ட வீடு அது. மைதானத்தில் வெள்ளைக் கோட்டால், நிஜ அளவிலேயே, ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். ஒவ்வொன்றும் முன்னூறு சதுர அடி. இடது வீட்டின் அடுப்பு மேடைக்குக் கீழே நாய் சுகமாகச் சுருண்டிருந்தது.

விரட்டினார். வாசல் வழியாகப் போயிருக்கலாம். நாய் படுக்கையறைச் சுவரை வாலால் துடைத்துக்கொண்டு போனது.

"விடுங்க சார், நாய்க்கு வரைபடம் புரியுமா?" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"உங்களுக்கும் புரியலைன்னுதானே இவ்வளவு பாடு!"

நகர வீட்டுவசதி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகப் படம் வரைகிறவர் அவர். பக்கத்துத் தகரக் கொட்டகைகளில் இருக்கும் நாற்பது குடும்பங்களுக்கு அடுக்குமாடி வரப்போகிறது. படத்தை மக்களுக்கு விளக்கிக் கையெழுத்து வாங்கினால்தான் திட்டம் நகரும். போன வாரம் தாளை விரித்துக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். "பிரமாதம் சார்" என்று பாராட்டியவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. தாளில் புரியாவிட்டால் தரையில் புரியட்டும் என்று சுண்ணாம்பு மூட்டையோடு வந்துவிட்டார்.

நாலு மணிக்குத் தலைமைப் பொறியாளர் வருகிறார். அதற்குள் நாற்பது கையெழுத்து.

"உள்ள வந்து பாருங்க," என்று கூப்பிட்டார்.

கூட்டம் வாசலருகே வந்து நின்றது. வெல்டரின் மனைவி செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். வரைபடக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். எத்தனை ஆயிரம் வீடு வரைந்திருப்பார்! அவர் வரைந்த வீட்டுக்குள் ஒரு மனுஷி நடப்பதை இன்றுதான் பார்க்கிறார்.

"இது கூடம், இது படுக்கையறை. நல்லா இருக்கா?"

"ராஜா வீடு சார்!"

அவர் நிமிர்ந்து நின்றார். சரியாக அந்த நேரத்தில்தான் கூட்டத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"இந்தக் கதவு எந்தப் பக்கமா திறக்கும்?"

கழுத்தில் அளவு நாடா, தோளில் நூல் பிசிறு. ஒரு தையல்காரம்மா.

"உள்பக்கமாம்மா."

"ஒரு கட்டிலைக் கொண்டாங்க."

நாலு பேர் கட்டிலைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டார்கள். தையல்காரம்மா இல்லாத கதவைப் பிடித்துத் திறந்தார். பாதி தூரத்திலேயே கை கட்டிலில் முட்டியது.

"கட்டிலைத் தாண்டிக் குதிச்சுத்தான் வீட்டுக்குள்ள வரணுமா?"

கூட்டம் சிரித்தது. வரைபடக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. சின்ன விஷயம்தானே என்று கதவைக் காலால் அழித்து மூன்றடி தள்ளிப் போட்டார்.

"இப்போ வாசல்ல நின்னா நேரா குளியலறை தெரியுது," என்றார் தையல்காரம்மா. "வர்ற ஆளுக்கு வணக்கம் சொல்றதா, துண்டு எடுத்துக் குடுக்கிறதா?"

குளியலறையைப் பின்னால் தள்ளினார். அது சமையலறையின் ஜன்னலை விழுங்கியது. சமையலறையை முன்பக்கம் கொண்டுவந்தார். அங்கே அகலம் ஒன்றரை அடி குறைந்தது. யோசிக்காமல் நடுச்சுவரை ஒன்றரை அடி வலதுபுறம் தள்ளிப் போட்டார்.

வலது வீட்டில் இருந்த வங்கிக் காவலாளி எழுந்தார். அரை மணி நேரமாக அந்தக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருந்தவர்.

"யாரு என் வீட்டுல கை வெச்சது?"

"ஒன்றரை அடிதானே அண்ணே," என்றாள் வெல்டரின் மனைவி.

"ஒன்றரை அடியா? இருபது வருஷமா வங்கிக்குக் காவல் நிக்கிறேன், ஒரு குண்டூசி போனதில்ல. என் சொந்தச் சுவரே போகுதா?"

"முதல்ல சுவருக்கு மேல எட்டிப் பார்த்துப் பேசறதை நிறுத்துங்க. இது குடும்பம் இருக்கிற வீடு!"

"அப்ப நீ கதவைத் தட்டிட்டு வந்து பேசு!"

அவளும் விறுவிறுவென்று வெளியே வந்து, சுற்றிப்போய், அவர் வீட்டு வாசலில் நின்று காற்றைத் தட்டினாள். "திறக்க முடியாது," என்றார் காவலாளி. இரண்டு கட்சிக்கும் ஆள் சேர்ந்தது. ஒருவர் சுவரை அழித்தார், இன்னொருவர் போட்டார். மைதானம் முழுக்கச் சுண்ணாம்புப் புகை.

அந்தப் புகைக்குள், ஒரு மணி நேரம் முன்னதாகவே, தலைமைப் பொறியாளரின் வண்டி வந்து நின்றது.

பொறியாளரம்மா திட்டக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்து வெள்ளைக் கோட்டின் மேல் காலைத் தூக்கினார்.

"சுவரை மிதிக்காதீங்க, மேடம்!"

அதுவரை அடித்துக்கொண்டிருந்த நாற்பது குடும்பமும் ஒரே குரலில் கத்தியது. தலைமைப் பொறியாளர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார்.

"வாசல் இந்தப் பக்கம்," என்று பணிவாகக் கை காட்டினார் காவலாளி.

பொறியாளர் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தார். கோப்பிலிருந்த படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"நான் ஒப்புதல் குடுத்த வீடு எங்க?"

"இதுக்கு... அடியில இருக்கு மேடம்," என்றார் வரைபடக்காரர்.

"யார் மாத்தச் சொன்னது?"

எல்லா விரலும் தையல்காரம்மா பக்கம் நீண்டன. அவர் அசரவில்லை.

"நடுச்சுவர்தான் சிக்கல் மேடம். ஒரே துணியில ரெண்டு சட்டை வெட்டணும்னா ரெண்டையும் ஒரே மாதிரி போடுவோமா? ஒண்ணைத் திருப்பிப் போடுவோம். இதோட அகலம் அதோட குறுகல்ல உட்காரும். காவலாளி அண்ணன் வீட்டை அப்படியே திருப்பிடுங்க. முன்னாடி ஒன்றரை அடி இவங்க எடுத்துக்கட்டும், பின்னாடி ஒன்றரை அடி அவர் எடுத்துக்கட்டும். அவர் வாசல் பின்பக்கம் போயிடும்."

"பின்பக்கமா?" என்று காவலாளி முறைத்தார்.

"ஒரே பக்கமா நாப்பது வாசலும் இருந்தா நெரிசல்தானே அண்ணே? இப்போ இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது."

காவலாளி யோசித்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் பார்த்துப் போட்டார். உட்கார்ந்தார். "காத்து வருது," என்றார்.

வரைபடக்காரர் நடுச்சுவரைப் போட்டார். பாதி தூரம் நேராகப் போய், ஒரு மடிப்பு மடிந்து, மறுபடி நேராக. தலைமைப் பொறியாளர் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

"பரப்பளவு மாறல. நாப்பது வீடும் வருது," என்றவர், கடைசியில் நிமிர்ந்து சிரித்தார். "இருபத்தாறு வருஷத்துல நீங்க போட்ட நல்ல படம் இதுதான். இதையே அனுப்புறோம்."

வெல்டரின் மனைவி காவலாளி வீட்டுக்குப் போய்க் காற்றைத் தட்டினாள். இந்த முறை அவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

நாற்பது கையெழுத்தும் கால் மணி நேரத்தில் விழுந்தன. படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தவர், தன் வீடு எது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வரைபடக்காரர் மனம் நிறையத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"அந்தத் தையல்காரம்மா கையெழுத்து எங்க? முதல் சாவி அவங்க கையிலதான் குடுக்கணும்."

செயலாளர் விழித்தார். "அவங்க உங்க ஆபீஸ் ஆள் இல்லையா சார்? நாடாவும் கையுமா வந்தாங்களே!"

"எங்க ஆபீஸா? உங்க ஆள்னுல்ல நான் நினைச்சேன்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரம்மா மைதானத்து ஓரத்தில், அழைத்துப் போக வந்திருந்த கணவரின் சைக்கிளில் ஏறப் போனார். பேருந்து நடத்துநர் சீருடையில் இருந்த அந்த மனுஷர், ஓடி வந்த தலைமைப் பொறியாளரைப் பார்த்து இறங்கி, மனைவியை ஒரு தடவை பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

"இவளுக்கு இங்க ஏதுங்க மேடம் வீடு? பத்து வருஷம் முன்னாடி உங்க ஆபீஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக் குடுத்துச்சே, அதுலதான் இருக்கோம். இங்க தரையில வீடு போடுறாங்கன்னு கேள்விப்பட்டதும், 'சுவரா எழும்பிட்டா யாரு பேச்சும் எடுபடாது, கோடா இருக்கும்போதே போயிடுறேன்'னு கடையை அப்படியே பூட்டிட்டு ஓடியாந்துட்டா."