ஊக்குக் காவலர்

ஊக்குக் காவலர் என்றொரு இனம் உண்டு. இஸ்ரேலின் பினேய் பிராக்கில் எங்கள் தெருவில் அது செழிப்பாகவே வளர்கிறது.

யூதர்களாகிய நாங்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் தைக்கக் கூடாது. ஆடும் பொத்தானின் நூலை இழுத்து இறுக்கினாலும் தையல்தான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. ஊக்குக் காவலர் அங்கேதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

நம் கெட்ஸலையே பாருங்கள். ஜெபாலயத்தில் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்குவார். குலுக்கும்போதே கண் உங்கள் சட்டைக் கையை மேய்ந்து, காலருக்கு ஏறி, ஷூ கயிற்றுக்கு இறங்கி, அது இன்றைக்கே அவிழ்க்கிற முடிச்சா அடுத்த வாரம்வரை இருக்கப்போகிற முடிச்சா என்று எடை போட்டு, பக்கத்தில் தள்ளுவண்டி இருந்தால் குழந்தையின் டயப்பர் ஒட்டியிருக்கும் விதத்தையும் விசாரித்துவிட்டுத்தான் கையை விடுவார். கைக்குச் சொந்தக்காரர் அதை அன்பு என்று நினைத்துக்கொள்வார்.

போன வாரம் அகப்பட்டவர் பக்கத்து வீட்டு நாஹும். சட்டைக் கைப் பொத்தான் தொலைந்து, ஊக்கு குத்தியிருந்தார்.

“ரெப் நாஹும், ஊசியும் துணிக்குள்ள போய் வருது, ஊக்கும் போய் வருது. என்ன வித்தியாசம்?” என்றார் கெட்ஸல். ‘ரெப்’ என்றால் எங்கள் தெருவில் ‘ஐயா’.

“நாளைக்குக் கழட்டிடுவேனே. நம்ம மதகுரு ரப்பியே பரவாயில்லன்னுட்டாரு.”

“ரப்பிக்கு இளகின மனசு,” என்றார் கெட்ஸல், மூன்று வரிசைக்குக் கேட்கும்படி.

இந்த வாரம் ஓய்வுநாள் காலையில் உடுத்தும்போது கெட்ஸலுடைய கால்சட்டைப் பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடியது. விரல் தானாக நூலுக்குப் போனது.

“இழுத்துடாதீங்க,” என்றாள் மனைவி பிரெய்ண்டல். “இழுத்தா தையல். எங்கண்ணன் மானத்தை விருந்துல வாங்கினீங்களே, அப்ப நீங்க சொன்னதுதான்.”

“வேற கால்சட்டை?”

“ஈரமாக் கெடக்கு. ஊக்கு தரட்டா?”

இப்படியும் ஒரு மனைவி கேட்பாளா? பெல்ட் கெட்ஸலின் இடுப்பைச் சுற்றி முடிக்காமல் போய் இரண்டு பண்டிகை ஆகிவிட்டது. இடது கையைக் கோட்டுக்குள் விட்டு இடுப்பைப் பிடித்தபடி, வயிற்றுவலிக்காரர் மாதிரி ஜெபாலயத்துக்கு நடந்து போனார்.

பாதி ஜெபத்தில் பொத்தான் உதிர்ந்தது. வேதச் சுருளான தோராவை வாசித்து முடிந்தது. பொறுப்பாளர் கூப்பிட்டார்: “சுருளைத் தூக்க, ரெப் கெட்ஸல்!”

எத்தனை வாரம் காத்திருந்த மரியாதை! மறுத்தால் அவமரியாதை. சுருளையோ இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். சுருள் விழுந்தால் பார்த்தவர்கள் எல்லாரும் நோன்பிருக்க வேண்டும். கால்சட்டை விழுந்தால்? அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அவர் நடையைப் பார்த்தே நாஹுமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த வாரமும் பொத்தான் தைக்காத தன் சட்டைக் கையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

“இந்தாங்க. துணிக்குள்ள போய் வரும், பார்த்துக்குங்க.”

கெட்ஸல் ரப்பியைப் பார்த்தார். ரப்பி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எனக்கு இளகின மனசு. குத்திக்கோ.”

குத்திக்கொண்டார். தூக்கினார். வழக்கப்படி கூடம் முழுக்கச் சுண்டுவிரலைச் சுருளை நோக்கி நீட்டியது. அத்தனை விரலும் தன் இடுப்பைக் காட்டுவதாகவே கெட்ஸலுக்குப் பட்டது.

திருந்தினாரா என்கிறீர்களா? சுருளை மூடி உட்கார்ந்ததும், திறந்த சட்டைக் கை தொங்கப் பக்கத்தில் இருந்த நாஹுமிடம் குனிந்தார்.

“ஊக்கு சரிதான் ரெப் நாஹும். ஆனா நீங்க கழட்டின விதம் இருக்கே...”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டே வரும்போது, ‘ஊக்கு ஒரே ஒரு தடவைதானே துணிக்குள் போய் வரலாம், இரண்டு தடவை போனால் தையலாச்சே, இவர் அதை எழுதவே இல்லையே’ என்று என்னைத் திருத்த வாய் திறந்தீர்களா? அப்படியானால் அடுத்த ஓய்வுநாள் கிளம்புமுன் உங்கள் பொத்தானையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.