மாப்பிள்ளைக்கொரு சுவர்

போன கரண்ட் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் போட்டோக்காரரின் கம்ப்யூட்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

திரையில் ஒரு பெண்மணியின் முகம் மூக்கு வரைக்கும் தெரிந்தது. அப்புறம் மூக்கும் போய்விட்டது. போட்டோக்காரர் பெட்டியைத் தட்டினார், தடவினார், பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். கடைசியில் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

“போறதுக்கு நல்ல நாள் பாத்துச்சு,” என்றாள் மனைவி. கடையின் முன்பக்கத்தில் ஒரு கைக்குழந்தையைப் பாஸ்போர்ட் படத்துக்காக நேராகப் பார்க்க வைக்க அவள் போராடிக்கொண்டிருந்தாள்.

விஷயம் சின்னதில்லை. அடுத்தவர் முகங்களை அளவாக வெட்டிக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்ட மனிதருக்கு முதன்முதலாக ஒரு கண்காட்சி வாய்த்திருந்தது. நூலகத்தின் மாடி ஹாலை நூலகர் அம்மா ஒரு வாரத்துக்கு ஒதுக்கித் தந்திருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் படங்கள் பிரிண்டுக்குப் போயாக வேண்டும். தவறினால் ஹால் பூச்செடிக் கண்காட்சிக்காரர்களுக்கு. அவர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, எந்தத் தொட்டியை எங்கே வைக்கலாம் என்று அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவருடைய படங்கள் ஒரு தினுசானவை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவர்கள் போலத்தான் ஸ்டூலில் உட்காருவார்கள். அவர் கிளிக் செய்வார். “எடுத்தாச்சு” என்பார். உடனே தோள் இறங்கும், மூச்சு வெளியே வரும், உதட்டோரம் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் அவர் இன்னொரு கிளிக் செய்வார். பிறகு படத்தைக் காட்டி, “இதை நான் வெச்சுக்கட்டுமா?” என்று கேட்பார். நிறையப் பேர் சரி என்றார்கள். சிலர், “இதையே பாஸ்போர்ட்டுல போட முடியாதா?” என்று ஆதங்கப்பட்டார்கள். அப்படிச் சேர்ந்த முகங்களைத்தான் சுவரில் மாட்டப் போகிறார்.

நல்ல காலம், படங்களின் நகல் தனியாக ஒரு டிஸ்க்கில் இருந்தது. நிறத்தைச் சரிபார்க்கும் வேலைதான் பாக்கி. அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

உலகத்தில் கம்ப்யூட்டர்கள் இரண்டு கட்சி. வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி. இதில் ஓடுவது அதில் ஓடாது. இதை வைத்திருப்பவருக்கு அதை வைத்திருப்பவரைக் கண்டால் ஆகாது. போட்டோக்காரரின் பழைய பெட்டி எந்தக் கட்சியிலும் சேராத சாது. ஆனால் அவர் இரண்டு கட்சிக்கும் பெண் கொடுத்திருந்தார்.

மத்தியானம் ஆபீசிலிருந்து பெரிய மாப்பிள்ளை வந்தார். வெள்ளைக் கட்சி.

“என்ன மாமா, கரண்ட் கொஞ்சம் எகிறினதுக்கே போயிடுச்சா? என் வெள்ளை இருக்கே, இடியே விழுந்தாலும் கண்ணைக்கூடச் சிமிட்டாது. டிஸ்க்கைக் குடுங்க.”

“உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்…”

“சிரமமா? வெள்ளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?”

போட்டோக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மாமனாரின் படத்துக்காக இப்படி ஓடி வருகிற மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைப்பார்? வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அக்காளுக்குத் தெரிந்தது தங்கைக்குத் தெரிய ஒரு போன் போதும். சாயங்காலமே சின்ன மாப்பிள்ளை வந்து இறங்கினார். கறுப்புக் கட்சி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அப்ப நான் யாரு மாமா? வெளியாளா?”

“ஐயையோ, என்ன மாப்பிள்ளை இப்படிக் கேட்டுட்டீங்க? இன்னொரு நகல் இருக்கு. நீங்களும் சும்மா ஒரு பார்வை பாருங்க.”

மாப்பிள்ளையிடம் எதையும் ‘சும்மா’ என்று கொடுக்கக் கூடாது. இது அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

பெரியவர் சாம்பிள் பிரிண்டுகளோடு வந்தார், பின்னாலேயே சின்னவரும் வந்தார். முகங்கள் எல்லாம் தகதகவென்று மின்னின. போட்டோக்காரர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் சின்னவர் அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“என்ன மாமா இது? ஒருத்தர் விடாம எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கு. வெள்ளையில செஞ்சா இப்படித்தான்.”

சின்னவர் தன்னுடைய பிரிண்டுகளைப் பரப்பினார். அவை பளிச்சென்று இருந்தன. கொஞ்சம் நீலமாகவும் இருந்தன.

“பாவம், எல்லாரும் குளிர்ல வெறைச்சுப் போயிருக்காங்களே,” என்றார் பெரியவர். “என் சகலையைக் குத்தம் சொல்லல மாமா. கறுப்புல அவ்வளவுதான் வரும்.”

பெரியவர் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஏற்றினார். சின்னவர் இன்னும் கொஞ்சம் நீலம் ஏற்றினார். பிரிண்டுகள் வருவதும் போவதுமாக இருந்தன.

“ஒரு நாள் காமாலை, ஒரு நாள் ஜலதோஷம்,” என்றாள் மனைவி. “நல்லா இருக்கும்போதுதானேங்க இவங்களைப் படம் எடுத்தீங்க?”

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லலாம் என்று போட்டோக்காரர் கிளம்பினார். இருவருமே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள்.

“நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கை ஓடாது மாமா,” என்றார் பெரியவர்.

“ரூம் முழுக்க ஒயரு. தடுக்கி விழுந்துட்டா அத்தைக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் சின்னவர்.

எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு போட்டோக்காரர் திரும்பி வந்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பாதிப் படங்கள் பெரியவருக்கு, பாதி சின்னவருக்கு. பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அது தொண்டையில் இறங்குவதற்குள் போன் அடித்தது. பெரிய மகள்.

“அப்பா, நல்ல படமெல்லாம் அங்க போயிடுச்சாமே? இவருக்குக் குடுத்ததுல பாதி வழுக்கைத் தலை. வழுக்கையில நிறத்தை எங்கப்பா காட்டுறது?”

“நான் எண்ணிப் பாத்துக் குடுக்கலம்மா…”

“நீங்க எப்பவும் எண்ணிப் பாக்க மாட்டீங்க. சின்னவளுக்குத்தான் எல்லாம் தானா அமையும்.”

வழுக்கைகளைச் சரிசமமாகப் பிரித்துப் பார்த்தார். இப்போது சின்ன மகள் கூப்பிட்டாள். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் எல்லாம் தன் வீட்டுக்காரர் பங்கில் விழுந்துவிட்டார்களாம். கண்ணாடியில் வெளிச்சம் அடிப்பதை அவர் எப்படிச் சமாளிப்பார்?

போட்டோக்காரர் போனை வைத்துவிட்டுத் தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். வாழ்நாளில் அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. எதிரே கேமரா அவரைப் பார்த்தது. அவருக்கு அப்போது ஒன்று தோன்றியது. இவ்வளவு காலமாகத் தன் படங்கள் அடுத்தவர் பர்ஸிலும் பைலிலும் இருந்தன, யாரும் நின்று பார்த்ததில்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. சுவரில் மாட்டினால் படத்தில் இருப்பவரை மட்டுமா பார்ப்பார்கள்? எடுத்தவனையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இனி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியது அவர் முறை. பயமாகத்தான் இருந்தது. விட்டுவிடவும் மனசு வரவில்லை.

“என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?” என்றாள் மனைவி.

“எல்லாப் படத்தையும் ரெண்டு பேருக்கும் குடுத்துடறேன். ஆளுக்கொரு சுவர்.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லவேளை, நமக்கு மூணாவது பொண்ணு இல்ல,” என்றாள்.

மாப்பிள்ளைகள் இருவருக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. ஜனங்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். வெள்ளிக்கிழமை இரண்டு தொகுப்பும் பிரிண்டுக்குப் போயின.

மாட்டும் நாளன்று நூலகர் அம்மா ஹாலுக்குள் வந்தார். இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். வலப்பக்கச் சுவரைப் பார்த்தார். மறுபடி இடப்பக்கம் திரும்பினார்.

“என்ன சார் இது? இந்தப் பக்கம் இருக்கிறவங்களே அந்தப் பக்கமும் இருக்காங்க?”

போட்டோக்காரர் கலை, பார்வை, கோணம் என்று ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தார்.

“எனக்கு ரெண்டு மாப்பிள்ளைங்கம்மா,” என்றார்.

நூலகர் அம்மா கீழே கிடந்த சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “எனக்கு ரெண்டு மருமகளுங்க,” என்றார். “ஆணியை அடிங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை கண்காட்சி திறந்தது. பெரிய மாப்பிள்ளை தன் சுவருக்கு மேலே ‘வெள்ளை’ என்று அட்டை ஒட்டியிருந்தார். சின்னவர் அதைவிடக் கொஞ்சம் பெரிய அட்டையில் ‘கறுப்பு’ என்று ஒட்டியிருந்தார். போட்டோக்காரர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். யாராவது சிரித்தால் அப்படியே படியிறங்கிப் போய்விடுவதாகத் திட்டம்.

யாரும் சிரிக்கவில்லை. படத்தில் இருந்தவர்களே குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் இரண்டு சுவருக்கும் நடுவில் நின்று தன்னையே மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இதுல டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கேன். அதுல டூட்டிக்குக் கிளம்புற மாதிரி இருக்கேன். ரெண்டும் நான்தான்,” என்றார்.

நர்ஸ் ஒருத்தி தன் படத்தைப் பார்த்துவிட்டு, “நான் இவ்வளவு நல்லாவா சிரிக்கிறேன்?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். ஓவிய வாத்தியார் ஒருவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, ஒரே மனிதனை இரண்டு ஒளியில் காட்டுகிற துணிச்சல் எல்லாருக்கும் வராது என்றார். போட்டோக்காரர் மெதுவாகக் கதவுக்கு முன்னால் வந்தார்.

மாப்பிள்ளைகள் தரையில் நிற்கவில்லை.

“இந்தச் சூடு இருக்கு பாருங்க, இது வெள்ளையைத் தவிர வேற எதுலயும் வராது,” என்று வருகிறவர்களை நிறுத்திச் சொன்னார் பெரியவர்.

“இந்தத் தெளிவு எங்க கறுப்புக்கே உள்ளது. பத்து வெள்ளை சேர்ந்தாலும் நடக்காது,” என்றார் எதிர்ச்சுவரிலிருந்து சின்னவர்.

மகள்கள் அவரவர் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார்கள். என்னவோ தெரியவில்லை, இருவருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நூலகர் அம்மா போட்டோக்காரரைப் பேசச் சொல்லி முன்னால் தள்ளினார். ஹால் நிறைந்திருந்தது. அவர் கையைப் பிசைந்தார்.

“எனக்குப் பேச வராதுங்க. ‘எடுத்தாச்சு’ன்னு சொல்லத்தான் வரும்,” என்று ஆரம்பித்தார். “அதுக்கப்புறம் நீங்க ஒரு முகம் காட்டுனீங்க பாருங்க, அதை எனக்குச் சும்மாவே குடுத்தீங்க. அதுக்கு நன்றி. என் வீட்டம்மா எத்தனை குழந்தையைச் சிரிக்க வெச்சிருக்கான்னு கணக்கே இல்ல. அவளுக்கு நன்றி. அப்புறம் என் மாப்பிள்ளைங்க. பத்து நாளா சண்டை போட்டாங்க. நான் தூங்கல. ஆனா இப்ப நெனச்சா சந்தோஷமா இருக்கு. என் படத்துக்காக இதுக்கு முன்னால யாரும் சண்டை போட்டதே இல்லீங்க. வெள்ளைக்கும் நன்றி, கறுப்புக்கும் நன்றி.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதோடு முடிந்திருந்தால் எல்லாம் சுபம். ஆனால் கைதட்டல் ஓய்ந்ததும் பெரிய மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார்.

“மாமா, எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எந்தச் சுவர் ஒசத்தி?”

“ஆமா மாமா,” என்றார் சின்னவர். “எதுவா இருந்தாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.” எடுத்துக்கொள்வார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பஸ் டிரைவர்கூட ஆவலாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். போட்டோக்காரர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார், அங்கே பெரிய மகள் நின்றாள். கறுப்புச் சுவரைப் பார்த்தார், அங்கே சின்ன மகள் நின்றாள். எதைச் சொன்னாலும் ஒரு வீட்டு வாசலை இனிமேல் நிம்மதியாக மிதிக்க முடியாது. மனைவியைப் பார்த்தார். அவள் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது படியேறி மூச்சு வாங்க ஒரு அம்மாள் உள்ளே வந்தார். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவரைக் கண்டதும் பெரிய மாப்பிள்ளை ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். சின்ன மாப்பிள்ளை குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அவர் போட்டிருந்தது செருப்பு. அந்த அம்மாள் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேராகப் போட்டோக்காரரிடம் வந்து ஹாலுக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

“சார், கரண்ட் எகிறின அன்னிக்கு அவிஞ்சுபோன உங்க மாப்பிள்ளைங்க மெஷின் ரெண்டும் ரெடியாயிடுச்சு, வந்து எடுத்துக்கச் சொல்லுங்க, அப்படியே, இத்தனை நாளா வேலை பாக்கறதுக்குன்னு எங்கிட்ட வாங்கிட்டுப் போன என் மெஷினுங்களையும் திருப்பித் தரச் சொல்லுங்க, பெரியவர்கிட்ட இருக்கிறது கறுப்பு, சின்னவர்கிட்ட இருக்கிறது வெள்ளை!”