பச்சமுத்து திறந்துவைத்த ஊற்று

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, மரவள்ளிக் காட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. எடப்பாடியிலிருந்து வருகிறார்கள், தம்மம்பட்டியிலிருந்து வருகிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறார்கள், கட்டிலோடு தூக்கியும் வருகிறார்கள். எல்லோரும் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள். சிறுநீர் தானாகப் பிரியாமல் வேளைக்கு வேளை குழாய் போட்டு எடுப்பவர்கள். குழாயே வேண்டாம், நான் ஊற்றுக்கண்ணைத் திறந்துவிடுகிறேன் என்கிறாராம் பச்சமுத்து சாமியார்!

யார் இந்தப் பச்சமுத்து? போன வருஷம் வரை போர்க்கிணறு போட நீரோட்டம் பார்த்துப் பாயிண்ட் சொன்னவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். தேங்காய் எழுந்து நின்றால் அடியில் தண்ணீர். ரிக் வண்டி வந்து துளைத்து, தண்ணீருக்குப் பதில் புழுதி பறந்தால் குற்றம் பூமியுடையது. தேங்காயைக் குறை சொல்லும் ஆள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. "பூமிக்குள்ள இருக்கற தண்ணியவே காட்டற கை, வவுத்துக்குள்ள இருக்கறதக் காட்டாதா?" என்று எந்த மேதாவியோ கேட்டுவைத்தான். அன்றோடு வெயிலில் அலைவது நின்றது. காவி வேட்டி வந்தது. கூடவே உண்டியலும் வந்தது.

சாமியாரின் விதிமுறை கறாரானது. விடிந்ததிலிருந்து குழாய் போடக்கூடாது. போட்டால் தேங்காய் கோபித்துக்கொள்ளும். வந்ததும் இளநீர் குடிக்க வேண்டும், வயிறு கொள்ளாமல் குடிக்க வேண்டும். இளநீர்க் கடை சாமியாரின் மச்சானுடையது என்பது தற்செயல்! பிறகு ஆளைப் படுக்கவைத்து, தேங்காய் எழும்பும் இடத்தில் அடிவயிற்றை டொக் டொக்கென்று தட்டுவார். வேட்டி நனையும். கூட்டம் கைதட்டும். அடுத்தவன் வேட்டி நனைந்ததற்குக் கைதட்டிய கூட்டத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

அன்று வரிசையில் அருணகிரி இருந்தான். ரிக் வண்டியில் வேலை பார்க்கையில் மேலிருந்து விழுந்து, நெஞ்சுக்குக் கீழே உணர்விழந்தவன். குழாய் போட்டுப் போட்டுச் சிறுநீர் வழி புண்ணாகி இறுகிவிட்டது. சிறுநீரகம் வேறு வீங்கியிருந்தது. மாற்று வழி அமைக்காவிட்டால் அது கெட்டுப்போகும் என்று டாக்டர் மறுநாளே ஆபரேஷன் வைத்திருந்தார்.

"வவுத்தக் கிழிக்கறதுக்கு இது தேவலை மஞ்சு. எத்தன போருக்குத் தேங்கா பாத்திருக்கறேன்! எனக்குத் தெரியாதா?" என்று பெண்டாட்டியிடம் அடம்பிடித்தான்.

மஞ்சுளா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் ஷாலினியைக் கூட்டிவந்தாள். ஷாலினி நாமக்கல்லில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். லாரி மோதியதிலிருந்து அவளும் சக்கர நாற்காலிதான். ஆஸ்பத்திரியில் பழக்கம். அதே ஆபரேஷன் செய்துகொண்டவள். குடல்வாலை எடுத்து, சிறுநீர்ப்பையிலிருந்து தொப்புளுக்கு ஒரு சிறு பாதையாகத் தைத்திருக்கிறார்கள். நேரமானால் தொப்புள் வழியாகக் குழாயை விட்டுத் தானே எடுத்துவிடுவாள். வந்த வேனிலேயே, திரையை இழுத்துவிட்டு, மஞ்சுளா பார்க்க முழுவதும் காலி செய்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"எனக்கும் பாருங்க சாமி" என்று நாற்காலியை முன்னால் உருட்டிப் போனாள்.

தேங்காய் விறைத்து எழுந்தது. "அம்மிணி, உள்ள ஏரியே தளும்புது!" என்றார் சாமியார்.

"அப்படிங்களா?" ஷாலினி துப்பட்டாவை மறைப்பாகப் போட்டுக்கொண்டு குழாயைத் தொப்புளில் விட்டாள். மறுமுனையை ஒரு டம்ளரில் பிடித்தாள். இரண்டு சொட்டு விழுந்தது. "இப்பத்தானுங்க வேன்ல காலி பண்ணிட்டு வாரேன். ஏரி எங்கீங்க?"

சாமியார் அசரவில்லை. "தொப்புள்ல ஓட்ட போட்டா ஊத்து கோவிச்சுக்கிட்டுக் கீழ எறங்கிருமம்மிணி!"

"ஆமா ஆமா" என்றது கூட்டம். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டது. அருணகிரியும் போட்டுக்கொண்டான்.

அடுத்து அவன் முறை. தேங்காய் எழுந்தது. டொக் டொக். வேட்டி நனைந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அருணகிரியின் முகம் சிவந்தது. வேர்வை ஆறாக ஊற்றியது. "மஞ்சு, தல வெடிக்குது..."

"அருள் எறங்கிருச்சு! கற்பூரத்தப் பொருத்துங்க!" என்று கத்தினார் சாமியார்.

"அருளுமில்ல, மண்ணுமில்ல!" ஷாலினி போட்ட சத்தத்தில் கொட்டகை அடங்கியது. "எங்கள மாதிரி ஆளுக்குப் பை ரொம்புனா ரத்தப் பிரஷர் ஏறும். தூக்கி ஒக்கார வைங்க! மண்டையில நரம்பு வெடிச்சா அண்ணன் பொணமாத்தான் ஊட்டுக்கு வருவாரு!"

மஞ்சுளா சாமியாரை ஒரு தள்ளு தள்ளினாள். புருஷனை நிமிர்த்தி உட்காரவைத்துக் குழாயை எடுத்தாள். நுழையவில்லை. அவசரமாக அழுத்தினாள். "பதறாதக்கா, மெதுவா" என்றாள் ஷாலினி. மஞ்சுளா மறுபடி விட்டாள். போய்விட்டது! கைக்கு எட்டியது சாமியாரின் தீர்த்தச் சொம்பு. அது நிரம்பியது. தீர்த்தக் குடத்தை இழுத்தார்கள். அதிலும் விழுந்துகொண்டே இருந்தது. வேர்வை நின்றது, தலைவலி விட்டது. இறங்கிய அருள் குழாய் வழியாகவே வெளியே போய்விட்டது.

"ஏனுங்க, ஊத்தத் தெறந்துட்டேன்னீங்களே, இத்தனையும் உள்ளதான இருந்துச்சு?" என்று கேட்டாள் ஷாலினி. "ரொம்புன பையத் தட்டுனா கொஞ்சம் வழியும். மிச்சம் மேல ஏறிக் கிட்னியக் கெடுக்கும். நீங்கெல்லாம் வழிஞ்சதப் பாத்துத்தான் கை தட்டறீங்க."

எடப்பாடிக்காரர் ஒருவர் எழுந்தார். "அட, போன தடவ வந்துட்டுப் போனதுமே எம்பையனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டுச்சே!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். சாமியார் எப்போது பின்பக்கம் போனார், எப்போது மொபெட்டில் ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. உண்டியலை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்?" என்று கேட்டான் அருணகிரி.

"விடியக்காலையில" என்றாள் மஞ்சுளா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொழச்சு வாங்க. திட்டறத அப்பறம் வெச்சுக்கறேன்."

கூட்டம் கலைந்தது. என் பக்கத்திலிருந்தவர் காதோடு சொன்னார்: "இவரு போலிங்க. ராசிபுரம் பக்கம் ஒருத்தரு எலுமிச்சம்பழத்துல பாக்கறாராம். அவருதான் நெசம்."

முதுகுத்தண்டு போனவனுக்கு வைத்தியம் இருக்கிறது ஐயா! நல்ல மூளையை வைத்துக்கொண்டு அதை ஒருநாளும் பயன்படுத்தாதவனுக்கு எந்த டாக்டர் ஆபரேஷன் தேதி கொடுப்பார்?