அப்பாவை ஆளாக மதிக்காத விளக்கு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் நலம்தானே? இங்கு எல்லோரும் நலம், உங்கள் தம்பியைத் தவிர.

என் கம்பெனியில் எலக்ட்ரானிக் சிப் வரைகிறோம் என்று சொன்னபோது, "வரைஞ்சா யாருடி சோறு போடுவா?" என்றீர்கள். போடுகிறார்கள், அத்தை. தையல்கடை மாடியில் ஒற்றை அறையில் தொடங்கியது. இன்று கண்ணாடிக் கட்டடத்தில் மூன்று தளம். பல் துலக்கும் பிரஷ், காதில் செருகும் ஹெட்போன், கைக்கடிகாரம், எல்லாவற்றுக்குள்ளும் நாங்கள்தான். வளர்ந்தது தூங்கித்தான். பக்கத்தில் ஆளில்லை என்றால் எங்கள் சிப் உடனே தூங்கிவிடும். மின்சாரம் மிச்சம். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் சிக்கனம். கொட்டாவியைக்கூடப் பாதிதான் விடுவார்.

இங்கே ஒரு வழக்கம். வரைந்த சிப்பை முதலில் அவரவர் வீட்டில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டால்தான் தொழிற்சாலைக்குப் போகும். போனபின் ஒரு கோடுகூட மாற்ற முடியாது. நான் முதன்முதலாகத் தனியாக வரைந்தது மேசைவிளக்குக்கான சிப். எதிரில் ஆள் அசைந்தால் எரியும். இல்லையென்றால் அணையும்.

அப்பா பேப்பர் படிப்பது உங்களுக்குத் தெரியும். கண்ணைத் தவிர எதுவும் அசையாது. தலையங்கத்தின் நடுவில் விளக்கு அணைந்தது, அப்பா கையை ஆட்டினார், எரிந்தது, மறுபடி அணைந்தது, மறுபடி ஆட்டினார், அம்மா உள்ளேயிருந்து "யாருக்குங்க டாட்டா காட்டறீங்க?" என்று கேட்க, வண்டி நிறுத்தும் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்ட எதிர்வீட்டுப் பல் டாக்டர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்து, தனக்குத்தான் என்று பதிலுக்குக் கை ஆட்டி, சமாதானம் ஆகிவிட்டதென்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, கையை வீசி வீசிப் பேச ஆரம்பிச்சுட்டார் அத்தை, அவர் இருந்தவரைக்கும் விளக்கு அணையவே இல்ல, அதைத்தான் அப்பாவால தாங்க முடியல.

"ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆபீஸ்ல நான் நுழைஞ்சா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. உன் விளக்கு என் முகத்துக்கு நேரா ஆளே இல்லங்குது!"

"கொஞ்சம் அசைஞ்சா போதும்பா."

"பல்லு புடுங்கறவனுக்கு எரியுமாம், நான் மட்டும் ஆடணுமாம். கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

எனக்கே அந்தச் சிப் மேல் சந்தேகம்தான். மீட்டிங்கில் ஓரமாக, பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கணக்கில் நானும் ஆளில்லை.

ஆனால் திங்கட்கிழமை கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் விளக்கு வேறொருவர் கைக்குப் போகும். நான் பழையபடி பிறர் வரைந்ததில் தப்பு தேடுவேன். உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அப்பா தலையாட்டுவார். ஆட்டினால் விளக்கும் எரியும். ஒரு போன் பண்ணுங்களேன்.

உங்கள் கோபம் அவர் மீதும் ஆசி என் மீதும் குறையாமல் பொழியட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். கையெழுத்து வாங்க முதலாளியே வந்தார். அப்பாவின் எதிரில் மரியாதையாக, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். இருவரும் இருட்டில். கொஞ்ச நேரம் கழித்து முதலாளியின் குரல்: "சார், நானும் ஆளில்லையா?"

சிப்பை நானே திருத்த வேண்டுமாம், அவகாசம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. "இவ்வளவு அசையாம உட்கார எங்க கம்பெனியில ஆளே இல்ல சார்" என்றார் முதலாளி. இனி எங்கள் எல்லோருடைய சிப்பும் அப்பா சரி என்றால்தான் வெளியே போகும். நாளை காலை என் மேசையிலிருந்து ஆரம்பிக்கிறாராம். போன் கட்டாயம் பண்ணுங்கள் அத்தை. என்னைப் பற்றி அவரிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள்.